விழுந்துகொண்டே இருக்கும் சவாரிக்காரன்

இத்தாலியச் சிற்பி மரீனோ மரீனி தம் கல்லச்சுப் படங்களுக்குப் (கல்லில் வரைந்து தாளில் அச்சிடும் லித்தோகிராஃப்களுக்கு) பெயர் வைப்பதில் பெரிய அக்கறை காட்டியவர் அல்லர். ‘குதிரை’, ‘சவாரிக்காரன்’, ‘குதிரையும் சவாரிக்காரனும்’ என்ற சில பெயர்களே முப்பது ஆண்டுக் காலம் அவருடைய தாள்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆகவே, நான் எழுதப்போகும் படத்தைப் பெயரால் சுட்டிக் காட்டுவதைவிட, அது எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவதே நல்லது. செங்கல் நிறத்துக்கும் இரத்தச் சிவப்புக்கும் இடைப்பட்ட ஒரு பின்புலத்தில் கறுப்புக் குதிரை ஒன்று நான்கு கால்களையும் அகலப் பரப்பி, விறைத்து நிற்கிறது. கழுத்து முன்னால் நீண்டிருக்கிறது. உடலின் பருமனுக்குத் தலை மிகச் சிறியது. முதுகில் இருப்பவன் உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்ல முடியாதபடி பின்புறமாகச் சாய்ந்து, இரு கைகளையும் விரித்து, முகத்தை வானத்துக்குக் கொடுத்திருக்கிறான். கடிவாளம் இல்லை, சேணம் இல்லை, அங்கவடி இல்லை. குதிரை நிற்பதற்குத் தரையும் இல்லை. கீழே வலப்புறத்தில் பென்சிலால் ‘மரீனோ’ என்று மட்டும் கையொப்பம்.

1950களில் அவர் செய்த கல்லச்சுகளில் இந்த வகைப் படங்கள் பல உண்டு. நான் நேரில் பார்த்தது ஒரு நண்பரின் வீட்டில். பார்த்தவுடன் எனக்கு ஏற்பட்ட ஐயம் ஓவியம் பற்றியது அன்று, அச்சு பற்றியது. சில காலம் அச்சுத் தொழிலில் இருந்தவன் என்பதால், கறுப்புக் கோடும் சிவப்புத் திட்டும் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகி நிற்பதைத்தான் என் கண் முதலில் பிடித்தது. எங்கள் அச்சகத்தில் இப்படி ஒரு தாள் வந்திருந்தால் ‘ரெஜிஸ்டர் சேரவில்லை’ என்று ஒதுக்கியிருப்போம். மரீனியின் தாளிலோ அந்த விலகல்தான் படத்தின் உயிர் என்பது பொறுமையாகப் பார்த்த பிறகே தெரிகிறது. அது ஏன் என்று விளக்கத்தான் இந்தப் பதிவு.

மரீனி 1901இல் டஸ்கனி மாநிலத்தின் பிஸ்டோயா நகரில் பிறந்தார்; ஃபிளாரன்ஸ் கலைக்கழகத்தில் பயின்றார்; 1929 முதல் மோன்சாவிலும், 1940களின் தொடக்கத்திலிருந்து மிலானின் பிரேரா கலைக்கழகத்திலும் ஆசிரியராக இருந்தார். குதிரைகளுக்குப் பஞ்சமில்லாத நாடு அது. ரோமின் கேப்பிடோலைன் குன்றில் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ், பதுவாவில் டொனாடெல்லோ வார்த்த படைத்தலைவர் கட்டாமெலாட்டா, வெனிஸில் வெரோக்கியோவின் படைத்தலைவர் கொல்லியோனி என்று, வெண்கலக் குதிரைமேல் அமர்ந்து அதிகாரத்தைக் காட்டும் ஆண்கள் அங்கே நகரம்தோறும் உண்டு. அந்தச் சிலைகள் எல்லாவற்றிலும் குதிரை ஒரு வாதம்: இவ்வளவு பெரிய மிருகத்தை ஒரு கையால் அடக்குகிறவன் நாட்டையும் அடக்குவான். சிற்பி எவ்வளவு மேதையாக இருந்தாலும் அந்த வாதத்துக்குள்ளேயே வேலை செய்தார்.

மரீனியின் பார்வையை மாற்றிய குதிரை இத்தாலியில் இல்லை. ஜெர்மனியின் பாம்பெர்க் நகரப் பேராலயத்தில் ஒரு தூணோடு ஒட்டி நிற்கிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கற்சிலையை அவர் 1934இல் பார்த்தார். அதில் அமர்ந்திருக்கும் இளைஞன் யாரென்று இன்றுவரை உறுதியாகவில்லை. அவன் யாரையும் வென்று வரவில்லை, எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். இரண்டு ஆண்டுகளில் மரீனியின் முதல் சவாரிச் சிற்பங்கள் வந்துவிட்டன. வாளோ கவசமோ இல்லாத, சற்றுப் பருத்த, நிர்வாண மனிதர்கள் கனத்த குட்டைக் குதிரைகளின்மேல் கொஞ்சம் சங்கடத்தோடு அமர்ந்திருக்கிறார்கள்.

அதே காலத்தில் முசோலினி என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1937இல் லிபியாவின் திரிப்போலியில் அவர் குதிரைமேல் அமர்ந்து ‘இஸ்லாத்தின் வாள்’ என்ற வாளை உயர்த்திப் பிடித்த நிழற்படம் உலகப் புகழ் பெற்றது. உண்மையில் குதிரையை ஒருவர் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டிருந்தார். வெளியிடும்போது அந்த ஆளைப் படத்திலிருந்து அழித்துவிட்டார்கள். அதிகாரத்துக்குத் தன் குதிரைமேல் நம்பிக்கை இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. மரீனி அரசுக்கு எதிராகப் பேசிய போராளி அல்லர். அவரை அப்படி ஆக்கிவிடுவது மிகையாகும். ஆனால், வெற்றிவீரன் மட்டுமே உட்காரத்தக்க இடத்தில் வெற்றியைப் பற்றி எதுவும் அறியாத ஓர் ஆளை அவர் உட்கார வைத்தது அந்த ஆண்டுகளில்தான் நடந்தது. இரண்டாம் உலகப் போர்தான் மரீனியின் குதிரையை மிரள வைத்தது என்று எழுதும் விமரிசகர்களோடு எனக்குள்ள சிறு பிணக்கு இதுதான்: குதிரைக்கும் ஆளுக்கும் இடையே இருந்த உடன்பாடு போருக்கு முன்பே தளர்ந்துவிட்டது.

போர் அதை முறித்தது என்பதில் ஐயமில்லை. மிலானின் குண்டுவீச்சில் அவருடைய பணிக்கூடம் அழிந்தது. 1943இல் மனைவியின் சொந்த மண்ணான சுவிட்சர்லாந்தின் திசினோ பகுதிக்குச் சென்று 1946 வரை அங்கேயே இருந்தார். லம்பார்டியின் குடியானவர்கள் குண்டுவீச்சில் மிரண்ட குதிரைகளின்மேல் தப்பியோடிய காட்சியே பிற்காலச் சிற்பங்களுக்கு ஊற்று என்று பலரும் எழுதுகிறார்கள். 1948இல் செய்த ‘நகரத்தின் தேவதை’ இன்றும் வெனிஸின் பெருங்கால்வாய்க் கரையில், கலைச் சேகரிப்பாளர் பெகி குகன்ஹைமின் மாளிகை முற்றத்தில் நிற்கிறது. அதில் சவாரிக்காரன் கைகளை விரித்து, தலையைப் பின்னால் சாய்த்து, ஆண்மை விறைக்கப் பரவசத்தில் இருக்கிறான். (அந்த உறுப்பைத் தனியாக வார்த்துக் கழற்றி மாட்டும்படி செய்திருந்ததாகவும், கன்னியாஸ்திரீகள் படகில் வரும் நாள்களில் தாம் அதைக் கழற்றி வைத்ததாகவும் பெகி குகன்ஹைமே எழுதியிருக்கிறார்.) 1950களில் வந்த ‘அற்புதம்’ வரிசையில் குதிரை பின்னங்காலில் சரிந்து கழுத்தை நேர்குத்தாக வானத்துக்கு உயர்த்த, ஆள் அதன் முதுகிலிருந்து வழுக்குகிறான். 1960களின் ‘கூக்குரல்’ சிற்பங்களில் குதிரை எது, ஆள் எது என்று பிரிப்பதே கடினம். ஆண்டுகள் செல்லச் செல்லத் தம் சவாரிக்காரன் பிடியை இழந்துகொண்டே வருகிறான் என்றும், குதிரையோ ஓடாமலும் துள்ளாமலும் அச்சத்தில் உறைந்து நிற்கிறது என்றும் மரீனியே ஒரு நேர்காணலில் சொன்னார். வெற்றிவீரன் என்ற தொன்மத்தின் கடைசிக் கட்டத்தைக் காட்டுவதே தம் நோக்கம் என்பதும் அவர் சொன்னதுதான்.

வெண்கலத்தில் இந்தக் கதை நன்றாகத் தெரிகிறது. எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். கல்லச்சுப் படங்களைச் சிற்பத்தின் துணைப்பொருள்போல, சிலை வாங்க வசதியில்லாதவர்களுக்கு வழங்கிய சிறு பிரசாதம்போலக் கருதும் வழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வெண்கலத்துக்கு ஒரு கட்டாயம் உண்டு: விழுகிறவனைச் செய்தாலும் அந்தச் சிலை விழக்கூடாது. எடை எங்கே இறங்குகிறது, பீடத்தில் எப்படி ஊன்றுவது என்பதையெல்லாம் சிற்பி கணக்குப் போட்டாக வேண்டும். ஆகவே, ‘அற்புதம்’ சிற்பத்தில் ஆள் எவ்வளவு சாய்ந்தாலும், அவனைத் தாங்கும் உலோகம் அங்கே இருக்கிறது என்பதை நம் உடல் உணர்ந்துகொள்கிறது. தாளில் அந்த உத்தரவாதம் இல்லை.

கல்லச்சு எப்படி நடக்கிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் என் கருத்து அதையே சார்ந்திருக்கிறது. 1790களின் இறுதியில் பவேரியாவில் அலோய்ஸ் செனஃபெல்டர் என்ற நாடக ஆசிரியர், தம் எழுத்துகளைக் குறைந்த செலவில் அச்சிட வழி தேடிக் கண்டுபிடித்த முறை இது. எண்ணெயும் நீரும் சேராது என்பதுதான் அதன் அடிப்படை. சோல்ன்ஹோஃபன் என்ற ஊரின் சுரங்கங்களில் கிடைக்கும், மிக நுண்ணிய துகள்கள் கொண்ட சுண்ணாம்புக்கல்லைப் பலகையாக அறுத்து, மேற்பரப்பை மணல் போன்ற பொடியிட்டுத் தேய்த்துச் சமமாக்குவார்கள். (பறவைக்கும் பல்லிக்கும் இடைப்பட்ட ஆர்க்கியோப்டெரிக்ஸின் புதைபடிவங்கள் கிடைத்ததும் இதே கல்லில்தான்.) அந்தக் கல்லின்மேல் கொழுப்பு கலந்த கரிக்கோலாலோ மையாலோ ஓவியர் நேராக வரைவார். பிறகு பிசினும் சிறிது நைட்ரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசினால், வரைந்த இடம் எண்ணெய் மையை ஏற்கவும், வரையாத இடம் நீரைப் பிடித்துக்கொள்ளவும் பழகிவிடும். கல்லை நனைத்து மை உருளையை ஓட்டினால் கோட்டில் மட்டும் மை ஏறும். தாளை வைத்து அழுத்தத்தில் இழுக்க வேண்டியதுதான். சிவகாசியில் இன்று ஓடும் ஆஃப்செட் இயந்திரங்களும் இதே தத்துவத்தின் பேரப்பிள்ளைகள்தாம். கல்லுக்குப் பதிலாக அலுமினியப் பிளேட், அவ்வளவே. பிளேட்டுக்கு நாம் இன்றும் கம் (பிசின்) போடுகிறோம்.

கல்லச்சின் சிறப்பு என்னவென்றால், ஓவியரின் கைக்கும் தாளுக்கும் இடையே உளியோ வெட்டுக்கத்தியோ வர வேண்டியதில்லை. மரச்செதுக்கில் மரத்தின் எதிர்ப்பு கோட்டைக் கட்டுப்படுத்தும், செப்புத்தகட்டில் ஊசி. கல்லிலோ கையின் வேகம், தயக்கம், அழுத்தம் எல்லாம் அப்படியே பதிவாகின்றன. வரைந்த கறுப்பின்மேல் கத்தியால் சுரண்டி வெள்ளைக் கோடுகளும் எடுக்கலாம். மரீனி வெண்கலத்தை வார்த்தெடுத்த பிறகும் அதன்மேல் உளியால் கீறி, சாயம் ஏற்றி, பல நூற்றாண்டு மண்ணில் கிடந்த பொருள்போல ஆக்குவார். ரோமானியருக்கு முற்பட்ட எட்ரஸ்கன் மக்களின் மண்ணில் பிறந்தவன் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவருக்கு அது இயல்பே. கறுப்புக் குதிரையின் விலாவில் ஓடும் சுரண்டல் கோடுகளைப் பார்க்கும்போது அந்த உளியின் பழக்கம் கல்லுக்கும் வந்திருப்பது தெரிகிறது.

பல நிறம் வேண்டுமென்றால், ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல் அல்லது துத்தநாகத் தகடு வேண்டும். ஒரே தாள் முதலில் சிவப்புக்கும் பிறகு கறுப்புக்குமாக இயந்திரத்தில் மறுபடி மறுபடி செல்லும். அந்தத் தாள் ஒவ்வொரு முறையும் மயிரிழை பிசகாமல் அதே இடத்தில் உட்கார வேண்டும் என்பதே அச்சுக்காரரின் திறமை. மரீனியின் படங்கள் பலவற்றை அச்சிட்ட பாரிஸின் மூர்லோ அச்சகத்துக்கு அந்தத் திறமை இல்லாமலில்லை. பிக்காசோவும் மத்தீஸும் மீரோவும் வேலை செய்த இடம் அது. ஆகவே, நான் குறிப்பிட்ட விலகல் பிசகு அன்று. ஓவியர் கறுப்புக் கல்லில் ஒரு குதிரையை வரைந்தார். நிறக் கல்லில் அந்தக் குதிரையின் எல்லையைப் பொருட்படுத்தாத ஒரு திட்டைத் தீட்டினார். சவாரிக்காரனின் உடல் கோட்டில் ஓரிடத்திலும் நிறத்தில் வேறோரிடத்திலும் இருக்கிறது. குதிரையின் முதுகுக் கோடு எங்கே முடிகிறதோ, அங்கே அவனுடைய வெளிர்நிறத் தொடை தொடங்கவில்லை. ஒரு விரலகலம் தள்ளித் தொடங்குகிறது. ஆள் குதிரையைவிட்டுப் பிரிவதை வெண்கலம் தோற்றத்தால் காட்டியது. தாளில் அந்தப் பிரிவு இரண்டு கற்களுக்கு இடையே உண்மையாகவே நடந்துவிடுகிறது.

தரையில்லாமையும் இதோடு சேர்ந்தது. அடிவானக் கோடு என்று ஒன்றை வரைந்திருந்தால் குதிரை எங்கோ நிற்கும், ஆள் எங்கோ விழுவான். சிவப்பு ஒரே சீராக மேலும் கீழும் பரந்திருப்பதால், விழுந்து முடிக்க அவனுக்கு இடமே இல்லை. தம் வேலை நிறத்திலிருந்து தொடங்குகிறது என்று மரீனி சொன்னதை, சிற்பிகள் சொல்லும் வழக்கமான பேச்சு என்று முதலில் கடந்துவிட்டேன். இந்தப் படத்துக்கு முன்னால் அது நேர்ப்பொருளிலேயே சரியாகப்படுகிறது: முதலில் அந்தச் சிவப்பு இருந்தது, பிறகுதான் அதில் ஒரு மிருகமும் ஒரு மனிதனும் அகப்பட்டுக்கொண்டார்கள்.

இதை எக்ஸ்பிரஷனிசம் என்று அழைக்கலாமா என்ற கேள்வி எழும். ஏல நிறுவனங்கள் தயக்கமின்றி அப்படி எழுதுகின்றன. வரலாற்றுக் கணக்கில் எக்ஸ்பிரஷனிசம் ஜெர்மனியில் 1905இல் டிரெஸ்டனின் ‘பாலம்’ குழுவோடும், 1911இல் மியூனிக்கின் ‘நீலச் சவாரிக்காரன்’ குழுவோடும் வளர்ந்த இயக்கம். மரீனி அப்போது சிறுவன். ஆனால், புறத்தில் கண்டதை அல்லாமல் அகத்தில் பட்டதை வரைவதற்காக உருவத்தை நெளிக்கலாம் என்பதே அதன் சாரம் என்றால், இந்தப் படத்துக்கு அந்தப் பெயர் பொருந்தும். நிறத்தையும் கோட்டையும் தனித்தனியாக இயங்கவிடும் துணிவும் அங்கிருந்து வந்ததே. நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் 1895இல் தம் ‘அலறல்’ படத்தைக் கல்லில் வரைந்தார். ‘பாலம்’ குழுவின் கிர்ஷ்னர் தம் கல்லச்சுகளைத் தம் கையாலேயே அச்சிட்டார். மரீனி நடந்த தடம் புதிதன்று.

மியூனிக் குழுவைப் பற்றி இன்னும் ஒரு சொல் சொல்ல வேண்டும். அதன் நிறுவனர்களுள் ஒருவரான காண்டின்ஸ்கிக்குக் குதிரையேறியவன் பழைய உலகைத் தாண்டிச் செல்லும் ஆன்ம வீரன். 1912இல் வந்த அவர்களுடைய ஆண்டுமலரின் அட்டையில் இருப்பவன் டிராகனைக் கொன்ற புனித ஜார்ஜின் சாயல் கொண்டவன். குழுவின் இன்னொரு நிறுவனரான ஃபிரான்ஸ் மார்க்குக்கோ மனிதனே வேண்டியிருக்கவில்லை. நீலக் குதிரைகளை மட்டும் வைத்து மாசற்ற ஓர் உலகத்தை வரைந்தார். அந்த மார்க் முதல் உலகப் போரில் படையில் சேர்ந்து, 1916 மார்ச் 4 அன்று வெர்தன் அருகே, குதிரைமேல் உளவுப் பணிக்குச் சென்றபோது குண்டுச் சிதறல் தாக்கி இறந்தார். வயது 36. நீலக் குதிரைகளை வரைந்தவர் குதிரைமேல் இருந்தபோதே கொல்லப்பட்டார் என்ற உண்மைக்குப் பிறகு, அந்த ஆன்ம வீரனை மறுபடி எப்படி வரைவது? மரீனி அதற்கு விடையாகத் தம் படங்களைச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. 1912இன் சவாரிக்காரனையும் 1950களின் சவாரிக்காரனையும் அடுத்தடுத்து வைத்தால், இடையில் போன நாற்பது ஆண்டுகள் தாமாகவே தெரிகின்றன என்பதுதான் நான் சொல்வது.

மரீனியின் எல்லாக் கல்லச்சுகளையும் நான் இதே மதிப்பில் வைக்கவில்லை. 1960களின் இறுதியிலிருந்து 1980இல் அவர் இறக்கும்வரை தொகுப்புத் தொகுப்பாக வந்த படங்களில் நிறம் துலக்கமாகவும் இனிமையாகவும் மாறிவிடுகிறது. குதிரை நளினமாகக் கழுத்தை வளைக்கிறது. ஆள் கழைக்கூத்தாடியைப்போலக் கையை விரிக்கிறான். விழுவதும் ஒரு வித்தையாகிவிட்டது. வரவேற்பறைச் சுவருக்கு அவை மிக அழகாகப் பொருந்தும் என்பதே அவற்றின் குறை. விலையில் அந்தக் குறை தெரிவதில்லை. பென்சில் கையொப்பமும் பதிப்பு எண்ணும் இருந்தால் அவையும் நல்ல விலைக்கே போகின்றன.

கையொப்பம் இல்லாத இன்னொரு வகை உண்டு. பாரிஸில் சான் லாசரோ நடத்திய ‘இருபதாம் நூற்றாண்டு’ கலையிதழுக்காக மரீனி வரைந்து, மூர்லோவில் அச்சாகி, இதழோடு சேர்த்துத் தைக்கப்பட்ட கல்லச்சுகள் அவை. இரட்டைப் பக்கமாக வந்தவற்றின் நடுவில் மடிப்புத் தடம் இருக்கும். சில குதிரைகளின் வயிற்றின் குறுக்கே அது ஓடுகிறது. வாங்க நினைப்பவர்கள் ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்தால் போதும்: ஒழுங்கான வரிசையில் அமைந்த சிறு அச்சுப் புள்ளிகள் (ஸ்கிரீன் புள்ளிகள்) தெரிந்தால் அது படத்தைப் படமெடுத்து அச்சிட்ட நகல், கரிக்கோலின் சொரசொரப்பும் தட்டையாகப் படிந்த மையும் தெரிந்தால் கல்லிலிருந்தோ தகட்டிலிருந்தோ நேராக வந்த அச்சு. கையொப்பமிட்ட 1970களின் தாள் ஒன்றையும் மடிப்பு விழுந்த 1950களின் இதழ்த் தாள் ஒன்றையும் என்முன் வைத்து எது வேண்டும் என்று கேட்டால், யோசிக்காமல் மடிப்பு விழுந்ததைத்தான் எடுத்துக்கொள்வேன்.